ஹோட்டல் லாபியில் ஒரு டெலிபோன்

எங்க ஊர்ப் பக்கம் குடியை விடணும்னு ஒருத்தர் முடிவெடுத்தா முதல்ல செய்றது மாலை போடுறதுதான். சபரிமலைக்குப் போடுவாங்க, இல்லைன்னா பக்கத்துல இருக்கிற திருச்செந்தூருக்கு. ஆழ்வார்திருநகரி வழியா ராத்திரியில் திருச்செந்தூருக்கு நடந்து போற கூட்டத்தை நீங்க பார்த்திருக்கலாம். அதுல அப்படிப்பட்ட நாலு பேராவது இருப்பாங்க. மாலை கழுத்துல இருக்கிற வரைக்கும் ஒரு சொட்டு தொடமாட்டாங்க. அது நடிப்பு இல்ல, நிஜம்தான். மாலையைக் கழட்டின ரெண்டு நாள்ல அதே ஆளு டாஸ்மாக் வரிசையில் நிப்பாரு. ஊர் சிரிக்கும், வீட்ல அழுவாங்க. மனசுல உறுதி இல்லாத பயன்னு எல்லாரும் சேர்ந்து தீர்ப்பு சொல்லி முடிச்சிடுவாங்க.

1928-ல் நியூயார்க்கில் ஒருத்தர் மாலைக்குப் பதிலா வீட்டு பைபிளை எடுத்தார். இனிமே குடிக்க மாட்டேன்னு மனைவிக்கு அதுலயே எழுதிக் கொடுத்தார். கொஞ்ச மாசம் கழிச்சு அதே பைபிளில் மறுபடி எழுதினார். அப்புறம் இன்னொரு தடவை. எழுதும்போது ஒவ்வொரு தடவையும் அவர் மனசார எழுதினார்ங்கிறதுதான் இதுல கொடுமை. அவர் பேரு பில் வில்சன். இன்னிக்கு சுமார் 180 நாடுகள்ல நடக்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமா ஏ.ஏ., அதைத் தொடங்கின ரெண்டு பேர்ல ஒருத்தர். டைம் பத்திரிகை 1999-ல் போன நூற்றாண்டோட முக்கியமான 100 பேர்னு ஒரு பட்டியல் போட்டப்போ அதுல இவரும் இருந்தார்.

பில் பிறந்தது 1895 நவம்பர் 26. ஊரு வெர்மான்ட் மாநிலத்துல ஈஸ்ட் டார்செட்னு ஒரு சின்ன கிராமம். அவர் பிறந்த வீடு ஒரு சத்திரம், பிறந்த அறை அந்தச் சத்திரத்தோட பாருக்குப் பின்னாடி. சினிமாவில் வெச்சா ஓவரா இருக்குன்னு சொல்லுவோம், ஆனா உண்மை. பத்து வயசு இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் பிரிஞ்சாங்க. அப்பா கனடா பக்கம் போயிட்டார், அம்மா வைத்தியம் படிக்க பாஸ்டன் போயிட்டாங்க. பையனை வளர்த்தது அம்மாவைப் பெத்த தாத்தாவும் பாட்டியும்.

ஒருநாள் தாத்தா, ஆஸ்திரேலியாக்காரனைத் தவிர வேற யாராலயும் பூமராங் செய்ய முடியாதுன்னு பேச்சுவாக்குல சொல்லிட்டார். பையன் மாசக்கணக்கா மரத்தைச் செதுக்கினான். கடைசியில் தன் கட்டிலோட தலைமாட்டுப் பலகையையே அறுத்து ஒண்ணு செஞ்சு எறிஞ்சான், அது திரும்பி வந்தது. இந்தக் கதையை எதுக்குச் சொல்றேன்னா, இவருக்கு மன உறுதி இல்லைன்னு மட்டும் யாரும் சொல்லிடக் கூடாது.

பள்ளிக்கூடத்துல விரும்பின பொண்ணு 1912-ல் ஒரு ஆபரேஷனுக்கு அப்புறம் திடீர்னு இறந்துபோனாள். அதுக்கப்புறம் நீண்ட மனச்சோர்வு. பின்னாடி வாழ்க்கை முழுக்க அது வந்து வந்து போச்சு.

முதல் முதலா அவர் மது குடிச்சு மயங்கினது 1917-ல், ராணுவத்துல இளம் அதிகாரியா இருந்தப்போ, நியூ பெட்ஃபோர்டுங்கிற ஊர்ல ஒரு விருந்தில். ஏறக்குறைய நம்ம வயசு. அவர் ரொம்பக் கூச்ச சுபாவம். பெரிய இடத்து ஆட்கள் நிறைஞ்ச கூடத்துல எங்க நிக்கிறது, என்ன பேசுறதுன்னு தெரியாம நின்னவர் கையில் யாரோ ஒரு கிளாஸைக் கொடுத்தாங்க. அதைக் குடிச்சதும் அவருக்கும் மத்தவங்களுக்கும் நடுவுல இருந்த சுவர் இடிஞ்ச மாதிரி இருந்துச்சாம். ஃபிரெஷர்ஸ் பார்ட்டி, ப்ளேஸ்மென்ட் ட்ரீட், டூர் பஸ்ஸோட கடைசி சீட்... இதுக்கு மேல நான் விளக்க வேண்டாம்னு நினைக்கிறேன். குடிக்கிற எல்லாரும் பில் ஆகிறதில்ல. யாரு ஆவாங்கன்னு முதல் கிளாஸ்ல தெரியாதுங்கிறதுதான் பிரச்சினை.

1918-ல் லோயிஸைக் கல்யாணம் பண்ணினார். சட்டம் படிச்சார், ஆனா வக்கீல் ஆகல. 1925-ல் வேலையை விட்டுட்டு ரெண்டு பேரும் ஒரு ஹார்லி டேவிட்சன் பைக்ல, சைடு கார் மாட்டி, டென்ட் எடுத்துக்கிட்டு கிளம்பினாங்க. ஊர் சுத்த இல்ல. கம்பெனி கம்பெனியா நேர்ல போய்ப் பார்த்து, எந்தப் பங்கை வாங்கலாம்னு ஆராய்ச்சி பண்ணி வால் ஸ்ட்ரீட்டுக்கு ரிப்போர்ட் அனுப்பினார். அந்தக் காலத்துல அது புது வேலை. பணம் கொட்டுச்சு. கூடவே குடியும் ஏறுச்சு. 1929-ல் பங்குச் சந்தை சரிஞ்சப்போ பணம் போச்சு, குடி மட்டும் நின்னுடுச்சு. லோயிஸ் மேசீஸ் கடையில் வேலை பார்த்து வீட்டை ஓட்டினாங்க.

இடையில் ஒரு விஷயம். அமெரிக்காவில் 1920-லிருந்து 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தது. பில் நாசமாப் போனதுல பெரும்பகுதி அந்த 13 வருஷத்துக்குள்ள அடங்கும். நம்ம ஊர்க் கணக்கும் உங்களுக்குத் தெரியும். 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு கொண்டு வந்தார், 1971-ல் அது தளர்த்தப்பட்டது, 2003-லிருந்து சில்லறைக் கடையையே அரசின் டாஸ்மாக் நடத்துது. கடையை மூடணுமா வேண்டாமாங்கிற சண்டை பெரிய சண்டை, அதுக்குள்ள இப்போ போகல. கடை இருந்தாலும் மூடினாலும், ஏற்கனவே குடிநோயில் விழுந்தவர் நாளைக்குக் காலையில் எந்திரிச்சு என்ன பண்ணணும்? பில் வாழ்க்கையில் பதில் இருக்கிறது அந்தக் கேள்விக்கு மட்டும்தான்.

1933, 34 ரெண்டு வருஷத்துல நாலு தடவை நியூயார்க்கில் டவுன்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அவரோட தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு டாக்டர், பில் கட்டினது அவர்தான். அங்க இருந்த டாக்டர் சில்க்வொர்த் ஒரு புது விஷயம் சொன்னார். இது ஒழுக்கக் கேடு இல்ல, நோய். முதல் மடக்கு உள்ள போனதும் நிறுத்த முடியாத உடம்பு, அந்த முதல் மடக்கை எடுக்காம இருக்க விடாத மனசு, ரெண்டும் சேர்ந்ததுதான் அந்த நோய்னார். பில்லுக்கு ஒரே நிம்மதி. காரணம் தெரிஞ்சாச்சு, இனி குடிக்க மாட்டோம்னு வீட்டுக்கு வந்தார். குடிச்சார்.

இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இது உறைக்கணும். ஃபால்ட் எதுன்னு கண்டுபிடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சதுன்னு நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. இங்க முடியல.

1934 நவம்பர்ல எபி தாட்சர்ங்கிற பழைய நண்பர் வீட்டுக்கு வந்தார். பில்லைவிட மோசமான குடிகாரர், ஜெயிலுக்கோ காப்பகத்துக்கோ போகவேண்டிய நிலைமையில் இருந்தவர். சமையலறை மேஜையில் பில் ஒரு கிளாஸை அவர் பக்கம் தள்ளினார். எபி வேண்டாம்னுட்டார். பில் ஆடிப்போயிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு குரூப்னு ஒரு கிறிஸ்தவ இயக்கத்துல தான் சேர்ந்த கதையை எபி சொன்னார். பில்லுக்கு அந்த மதப்பேச்சு கசந்தது. ஆனா சொன்ன ஆள் யாருன்னு பாருங்க. டாக்டர் சொல்லி ஏறாதது, மனைவி அழுது ஏறாதது, இன்னொரு குடிகாரர் தெளிவா உட்கார்ந்து பேசினப்போ உள்ள இறங்குச்சு.

டிசம்பர்ல பில் கடைசித் தடவையா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்க ஒரு ராத்திரி அறை முழுக்க வெளிச்சம் நிறைஞ்ச மாதிரி ஒரு அனுபவம். தனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சான்னு டாக்டர்கிட்டயே கேட்டார். அந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த பெல்லடோனா மருந்தோட வேலைன்னு சொல்றவங்களும் உண்டு. நான் அதுல பக்கம் சாயல. 39 வயசுல அதுக்கப்புறம் அவர் குடிக்கவே இல்லைங்கிறது மட்டும் நிச்சயம்.

எபி கதை அப்படி முடியல. அவர் பின்னாடி பல தடவை மறுபடி குடிச்சார். பில் கடைசி வரைக்கும் அவரைத் தன் வழிகாட்டின்னே சொல்லிட்டு இருந்தார்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பில் உலகத்தைத் திருத்தக் கிளம்பிட்டார். குடிகாரங்களைப் பிடிச்சுட்டு வந்து வீட்லயே தங்கவெச்சு உபதேசம் பண்ணினார். ஆறு மாசத்துல ஒருத்தர்கூடத் தெளியல. சலிச்சுப்போனப்போ லோயிஸ்தான் எடுத்துச் சொன்னாங்க: யாரும் திருந்தலன்னாலும் நீங்க குடிக்காம இருக்கீங்களே. சில்க்வொர்த், வெளிச்சம் வந்த கதையை விடுங்க, முதல்ல நோயைப் பத்திச் சொல்லுங்கன்னார்.

1935 மே மாசம் ஒரு கம்பெனியைக் கைப்பற்றும் போட்டிக்காக பில் ஒஹையோ மாநிலத்துல ஆக்ரன் நகருக்குப் போனார். ரப்பர் தொழில் ஊர். போட்டியில் தோத்தாச்சு. கூட வந்தவங்க கிளம்பிட்டாங்க. சனிக்கிழமை சாயங்காலம், மேஃப்ளவர் ஹோட்டல் லாபியில் தனியா நிக்கிறார், பாக்கெட்ல பத்து டாலர் அளவு இருக்கு. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் சுவரில் ஊர்ச் சர்ச்சுகளோட பட்டியல், பக்கத்துல டெலிபோன்.

கூட்டம் தேடுறவங்க இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா படிங்க. அவருக்கு அப்போ போறதுக்கு ஒரு கூட்டமும் இல்ல. உலகத்துல எங்கயும் இல்ல. அவர் ஒரு பாதிரியாருக்கு போன் போட்டார். நான் ஒரு குடிகாரன், பேசுறதுக்கு இன்னொரு குடிகாரன் வேணும்னு கேட்டார். உதவி கேட்கிற தோரணையைக் கவனிச்சீங்களா? என்னைக் காப்பாத்துங்கன்னு கேட்கல. அந்தப் பாதிரியார் சில பேர் நம்பர் கொடுத்தார். ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங்னு ஒரு அம்மா கிடைச்சாங்க. அவங்களுக்கு ஒருத்தரைத் தெரியும். டாக்டர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை நிபுணர், குடியால பேரும் தொழிலும் போய்க்கிட்டு இருந்தவர். உடனே பேசலாம்னா முடியல. மறுநாள் அன்னையர் தினம். அதுக்காக மனைவிக்கு ஒரு பூந்தொட்டி வாங்கிட்டு வந்த பாப், அன்னிக்கு முழு போதையில் கிடந்தார்.

மறுநாள் மே 12 சாயங்காலம் அஞ்சு மணி. கை நடுங்கிக்கிட்டே வந்த பாப், கால் மணி நேரம்தான் இருப்பேன்னு சொல்லிட்டுத்தான் உள்ள வந்தார். கிளம்பும்போது ராத்திரி பதினொண்ணு தாண்டிடுச்சு. பில் உபதேசமே பண்ணல. தன் கதையைச் சொன்னார். நீ குடிக்காம இருக்கிறதுக்காக நான் வரல, நான் குடிக்காம இருக்க எனக்கு நீ வேணும்ங்கிற மாதிரி பேசினார். பாப் முதல் தடவையா ஒருத்தர்கிட்ட மனசு திறந்தார்.

எங்க ஊர்க்காரனா இருந்துட்டு எனக்கு இங்க ஒண்ணு ஞாபகம் வராம இருக்காது. பதினாறு வருஷம் பேசாம புளியமரப் பொந்தில் உட்கார்ந்திருந்தாராம் நம்மாழ்வார். மதுரகவி தேடி வந்து சரியான கேள்வியைக் கேட்டப்போதான் வாயைத் திறந்தாராம். ஆதிநாதர் கோயில்ல அந்தப் புளியமரத்தை இப்பவும் காட்டுவாங்க. ஆழ்வாரையும் குடிநோயையும் ஒண்ணா வெச்சுப் பேசுறான்னு எங்க ஆச்சி திட்டும். நான் சொல்ல வர்றது மௌனத்தைப் பத்தி மட்டும்தான். சரியான ஆள் எதிர்ல வராத வரைக்கும் சில பேருக்கு வாய் திறக்காது.

பாப் அதுக்கப்புறமும் ஒரு தடவை வெளியூர் மாநாட்டுக்குப் போன இடத்துல குடிச்சார். திரும்பி வந்தப்போ ஆபரேஷன் ஒண்ணு காத்திருந்துச்சு. அன்னிக்குக் காலையில் கை நடுக்கம் நிக்க பில்தான் ஒரு பீர் கொடுத்தார். அதுதான் பாப்போட கடைசி. 1935 ஜூன் 10, அந்த நாளைத்தான் ஏ.ஏ.வோட பிறந்த நாளா வெச்சிருக்காங்க. அந்த நடுக்கம் சாதாரணமானது இல்ல, தெரிஞ்சுக்கோங்க. ரொம்ப நாள் தினமும் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால முதல்ல டாக்டர், அப்புறம் கூட்டம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவு இருக்கு. போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, ரெண்டுமே காசு இல்லாம கூப்பிடலாம். குடிக்கிறவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்னு சுவரில் ஒட்டியிருக்கிற விளம்பரத்தை நம்பி சாப்பாட்டில் எதையும் கலக்காதீங்க. சில மருந்து உள்ள இருக்கும்போது குடிச்சா ஆளே போயிடலாம்.

மூணாவதா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஒரு வக்கீலைப் பிடிச்சாங்க. 1937-ல் ரெண்டு பேரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தப்போ தெளிஞ்சவங்க 40 பேர் அளவு தேறினாங்க. பணம் வேணும்னு ராக்ஃபெல்லர்கிட்ட போனாங்க. அவர் 5,000 டாலர் கொடுத்தார், பெரிய பணம் உங்க வேலையைக் கெடுத்துடும்னு அதோட நிறுத்திக்கிட்டார். அப்போ பில்லுக்கு ஏமாற்றம். பின்னாடி அதையே விதி ஆக்கினார். வெளியாள்கிட்ட காசு வாங்கக் கூடாது, கட்டணம் கூடாது, மதுக்கடை அரசியல் உட்பட எதுலயும் பக்கம் சாயக் கூடாது, பேரு வெளியே வரக் கூடாது. 12 படிகளை 1938-ல் எழுதினார், புத்தகம் 1939-ல் வந்தது. கடவுள்ங்கிற வார்த்தைக்கு உள்ளயே பெரிய சண்டை. நாத்திகம் பேசினவங்க விடாப்பிடியா நின்னதால, அவரவர் புரிஞ்சுக்கிட்டபடி கடவுள்னு மாத்தினாங்க. அந்தச் சண்டை நடக்கலன்னா 1957-ல் மும்பையில் ஏ.ஏ. வேர் பிடிச்சிருக்குமாங்கிறது சந்தேகம்தான்.

நீங்க இதுவரை போனதில்லைன்னா கூட்டம் எப்படி இருக்கும்னு சொல்றேன். எங்க மாமா, அம்மாவோட தம்பி, மூணு தடவை மாலை போட்டு மூணு தடவையும் தோத்தவர். ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லித்தான் கூட்டத்துக்குப் போக ஆரம்பிச்சார். ஊருக்குள்ளன்னா வந்திருக்க மாட்டார். ஆழ்வார்திருநகரியிலிருந்து ரயிலேறி, தன்னை யாருக்கும் தெரியாத இடத்துக்குப் போறதுனாலதான் போனார். சில கூட்டம் குடிநோய் உள்ளவங்களுக்கு மட்டும், சிலதுல வீட்டு ஆட்களும் உட்காரலாம். அப்படி ஒண்ணுக்கு அத்தையோட நானும் போனேன். பிளாஸ்டிக் நாற்காலி, டீ. ஒருத்தர் எந்திரிச்சு பேரையும் தான் ஒரு குடிநோயாளிங்கிறதையும் சொல்லிட்டுத் தன் கதையைச் சொல்வார். நடுவுல யாரும் குறுக்கிட மாட்டாங்க, அறிவுரையும் கிடையாது. லாரி ஓட்டுறவருக்கு அப்புறம் ஒரு பேங்க் மேனேஜர் பேசினார். பேச இஷ்டம் இல்லைன்னா கும்பிட்டு உட்கார்ந்துடலாம். மாமா முதல் நாலு கூட்டம் வாயே திறக்கலயாம். இதை எழுதும்போது அவருக்கு ஏழாவது மாசம். நடுவுல ஒரு தடவை விழுந்து, மறுபடி ஒண்ணுலருந்து எண்ணின ஏழு. அத்தை இன்னும் சம்பளக் கவரைத் தன் கையில்தான் வாங்குது.

இது எல்லாருக்கும் வேலை செய்யுமான்னு கேட்பீங்க. எல்லாருக்கும் இல்ல. ஆனா 2020-ல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேல ஆட்களோட கணக்கைச் சேர்த்துப் பார்த்தது. குடியை முழுசா விடுறதுல 12 படி வழி மத்த சிகிச்சைகளுக்குக் குறைஞ்சதில்ல, சில இடத்துல மேல்னு முடிவு வந்தது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்துட்டு 1980-ல் தொடங்கின டி.டி.கே. மருத்துவமனையும் மருந்தோட நிறுத்தாம குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சைக்குள்ள கொண்டு வந்தது.

குடும்பம்னதும் லோயிஸ் ஞாபகம் வருது. பில் தெளிஞ்சு, சதா கூட்டம் கூட்டம்னு அலைஞ்சப்போ ஒருநாள் லேட் ஆகுதுன்னு அவசரப்படுத்தினார். லோயிஸ் செருப்பைத் தூக்கி அவர் மேலயே வீசினாங்க. இத்தனை வருஷம் இவரைச் சுமந்த எனக்கு யாரு இருக்காங்கிற கோபம். 1951-ல் குடிநோயாளிகளோட வீட்டு ஆட்களுக்காக அல்-அனான் பிறந்ததுக்கு அந்தச் செருப்பும் ஒரு காரணம். 1939-ல் வீடு பறிபோய், ரெண்டு வருஷம் நண்பர்கள் வீடு வீடா மாறித் தங்கினதையும் அவங்கதான் சேர்ந்து தாங்கினாங்க. பில் நல்ல கணவர் இல்லைங்கிறதும் பதிவாகியிருக்கு. குடியை விட்டார், வேற பெண்களோட தொடர்பை விடல. பல வருஷம் மனச்சோர்வில் எந்திரிக்க முடியாம கிடந்தார். அதுக்கு வழி தேடி 1950-கள்ல எல்.எஸ்.டி.கூட எடுத்துப் பார்த்தார். இதையெல்லாம் மறைச்சு எழுதினா அவர் ஆரம்பிச்ச கூட்டத்துக்கே அது பொருந்தாது.

யேல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க வந்தப்போ வேண்டாம்னார். டைம் பத்திரிகை அட்டைப் படத்துக்கும் மறுத்துட்டார். உயிரோட இருந்த வரைக்கும் வெளி உலகத்துக்கு அவர் பில் டபிள்யூ. மட்டும்தான்.

சிகரெட்டை மட்டும் அவரால ஜெயிக்க முடியல. நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் வெச்சுப் படுத்திருந்த கடைசி வாரங்கள்ல அவர் விஸ்கி கேட்டார்னு நர்ஸ் குறிப்புல இருக்கு. ஒரு தடவை இல்ல, சில தடவை. யாரும் கொடுக்கல. 36 வருஷத்துக்கு அப்புறமும் அந்த நோய் உள்ளயே உட்கார்ந்திருந்தது. 1971 ஜனவரி 24, அவங்களோட 53-வது கல்யாண நாள் அன்னிக்கு மயாமியில் இறந்தார்.

ஈஸ்ட் டார்செட் கல்லறையில் ஒரு சாதாரணக் கல்தான் இருக்கு. பேரு, முதல் உலகப் போர்ல அவர் இருந்த ராணுவப் பிரிவு, தேதிகள். ஏ.ஏ.ன்னு ஒரு வார்த்தை இல்ல. கூட்டத்துல ஒரு மாசம், ஆறு மாசம், ஒரு வருஷம்னு குடிக்காம இருந்ததுக்குக் கொடுக்கிற சின்ன வில்லைகளை மட்டும் எங்கெங்கிருந்தோ வர்றவங்க அந்தக் கல்லு மேல வெச்சுட்டுப் போறாங்க.